புதுப்பிப்பு: நீலத்திரை நின்றது, வைஃபை டிரைவர்தான் காரணம்

பெரிய ஃபைல் இறக்கும்போதெல்லாம் லேப்டாப் நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, பிரச்சினை தீர்ந்தது.

முதலில் நீங்கள் சந்தேகப்பட்ட ரேம். அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரல் இரவு முழுக்க ஓடியது, ஒரு பிழையும் இல்லை.

அப்புறம், மினிடம்ப் ஃபைலை, அதாவது க்ராஷ் ஆகும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் சிறு பதிவைப் பார்க்கச் சொன்ன யோசனை. இதுதான் கைகொடுத்தது. ஆனால் திறந்தால் ஃபோல்டரே காலி! எஸ்எஸ்டியில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் ஃபைல்) நானே எப்போதோ அணைத்து வைத்திருந்தேன். சாதாரண அமைப்பில் அது இல்லாமல் டம்ப் பதிவாகாது. அதைத் திரும்ப இயக்கிவிட்டு, நீலத்திரை எப்போது வரும் என்று முதல்முறையாக ஆசையோடு காத்திருந்தேன்.

வந்தது. டம்ப் ஃபைலைப் படிக்கும் விண்டிபிஜி (WinDbg) கருவியில் திறந்தால் பிழை எண் 0எக்ஸ்டி1 (0xD1). ஒரு டிரைவர் (வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) தொடக்கூடாத நேரத்தில் நினைவகத்தைத் தொட்டிருக்கிறது என்று பொருள். கீழே வைஃபை கார்டின் டிரைவர் ஃபைல் (.sys) பெயர் பளிச்சென்று நின்றது.

டிவைஸ் மேனேஜரில், முந்தைய டிரைவருக்குத் திரும்ப உதவும் ரோல் பேக் பட்டன் மங்கிக் கிடந்தது. சரி என்று அன்இன்ஸ்டால் செய்தேன்; டிரைவர் மென்பொருளையும் நீக்கும் பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள். பிறகு தயாரிப்பாளர் தளத்திலிருந்த பழைய பதிப்பைப் போட்டேன்.

எதிர்பாராதது: மறுநாளே விண்டோஸ் அப்டேட்டில் அதே பழுதான டிரைவர் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி நீக்கி, அப்டேட்டோடு டிரைவர்கள் வர வேண்டாம் என்று குரூப் பாலிசி எடிட்டரில் (விண்டோஸின் நடத்தை விதிகளை மாற்றும் கருவி) மாற்றினேன். விண்டோஸ் ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் கிடையாது, என்னுடையது புரோ. மூன்று வாரமாக ஒரு க்ராஷும் இல்லை.