பாட்டி பேச்சை நிறுத்தினால் இரைச்சல் எழும்புகிறது: வாய்மொழி வரலாற்றுப் பதிவில் உதவி தேவை

நிலா: வணக்கம். எங்கள் சமூகத்துப் பெரியவர்களின் நினைவுகளை நாங்கள் நான்கு மாணவர்கள் கைபேசியில் பதிவு செய்துவருகிறோம். ஒரு பாட்டியின் பதிவில் சிக்கல். அவர் பேசும்போது குரல் தெளிவாக இருக்கிறது. நிறுத்தி யோசிக்கத் தொடங்கினால் மின்விசிறிச் சத்தம் மெல்ல எழும்பி அறையையே நிறைத்துவிடுகிறது. மறுபடி வாய் திறந்ததும் அடங்கிவிடுகிறது. இரைச்சல் நீக்கும் செயலியில் போட்டேன். சொற்களின் கடைசி எழுத்துகள் விழுங்கப்பட்டு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. மௌனங்களை வெட்டிவிடலாமா? இன்னொன்று: பாட்டி தன் தம்பி இறந்த ஆண்டை முதல் நாள் ஒன்றாகவும் மறுநாள் வேறாகவும் சொன்னார். எதை வைத்துக்கொள்வது?

செவிச்செல்வம்: விசிறியை மட்டும் குறை சொல்ல முடியாது. கைபேசி தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கிறது. குரல் நின்றதும் அளவை ஏற்றுவதால் பின்னணிச் சத்தம் மேலே வருகிறது. தானியங்கி ஒலியளவை அணைக்கும் வசதியுள்ள பதிவுச் செயலியைப் பயன்படுத்தி, அளவை நீங்களே வையுங்கள். உரத்துப் பேசும்போது செயலியில் தெரியும் ஒலியளவுக் காட்டி மைனஸ் 12 டெசிபெல் அருகே நின்றால் போதும். ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் சேமியுங்கள். சட்டையில் மாட்டும் சிறிய மைக் கிடைத்தால் முகவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். பேச்சு தொடங்குமுன் வெறும் அறைச் சத்தத்தை 30 விநாடி பதிவு செய்தால், பிற்பாடு இரைச்சலைக் குறைக்க அதுவே மாதிரி. ஏற்கெனவே எடுத்ததை லேசாக மட்டும் சுத்தம் செய்யுங்கள், அதுவும் நகலில். மூலக் கோப்பைத் தொடவே கூடாது.

பழஞ்சொல்: தம்பி, தங்கைகளே, மௌனத்தை வெட்டாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒருவர் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்பதும் அவர் சொன்னதில் சேர்த்திதான்.

ஆண்டு விஷயத்தில் இரண்டையும் அப்படியே வையுங்கள். ஆவணம் கிடைத்தால் அதிலுள்ள ஆண்டைக் குறிப்பில் எழுதுங்கள். இத்தாலியின் தெர்னி நகரில் லூயிஜி திராஸ்துல்லி என்ற ஆலைத் தொழிலாளி 1949இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தின்போது போலீசாரால் கொல்லப்பட்டார். பின்னாளில் தொழிலாளர்கள் பலர், 1953இல் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த போராட்டத்தில் அவர் இறந்ததாகவே நினைவுகூர்ந்தார்கள். ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்தெல்லி அதைத் தவறு என்று ஒதுக்கவில்லை. வேலை பறிபோன காயத்தோடு அந்தச் சாவை ஏன் சேர்த்தார்கள் என்று தேடினார். உங்கள் பாட்டியும் அந்த இரண்டாவது ஆண்டில் வேறு எதையோ இழந்திருக்கலாம். திருத்தாமல், அந்த ஆண்டில் வேறென்ன நடந்தது என்று கேளுங்கள். வெளியிடுமுன் முழுவதையும் அவருக்குப் போட்டுக்காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லும் பகுதி வெளியே போகக் கூடாது.

நிலா: இருவருக்கும் மிக்க நன்றி. இன்று ஹெட்ஃபோன் மாட்டி மூலக் கோப்பை முழுவதும் கேட்டேன். தம்பி பெயரைச் சொன்னபின் பாட்டி வெகுநேரம் பேசவில்லை. மேசையை விரலால் தேய்க்கும் சத்தம் மட்டும். பிறகு பேசுவதற்காக மூச்சை இழுக்கிறார். அதே நொடியில் நான் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். வரும் ஞாயிறு மறுபடி போகிறோம். அந்த இடத்திலிருந்தே தொடங்கப்போகிறேன்.