ஏஐ தந்த வரைவைத் திருத்தி எழுதினேன், அது என் கதையா?

இரவுக்குருவி:
ஒரு சிறுகதை. கரு, பாத்திரங்கள், முடிவு எல்லாம் நான் யோசித்தவை. அவற்றைச் சொல்லி சாட்ஜிபிடியிடம் முதல் வரைவு வாங்கினேன். பிறகு பாதிக்கு மேல் மாற்றிவிட்டேன். அம்மாவும் மகளும் போடும் சண்டை மட்டும் அது தந்தபடியே இருக்கிறது, நன்றாகவும் வந்திருக்கிறது. மின்னூலாக வெளியிடும்போது என் பெயரை மட்டும் போடலாமா?

தாழ்வாரம்:
சட்டப்படி, நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2023 பிப்ரவரியில் 'ஸார்யா ஆஃப் த டான்' என்ற படக்கதை நூல் விஷயத்தில் பதிப்புரிமை அலுவலகம் ஒரு முடிவு சொன்னது. எழுத்தும், படங்களைத் தேர்ந்து அடுக்கிய விதமும் ஆசிரியருடையவை. மிட்ஜர்னி என்ற ஏஐ கருவி உருவாக்கிய படங்களுக்கு மட்டும் உரிமை இல்லை. அதன்படி பார்த்தால் நீங்கள் எழுதிய பகுதி உங்களுடையது, அந்தச் சண்டைக் காட்சிக்கு உரிமை கோருவது கடினம். அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியில் போடுவதாக இருந்தால், ஏஐ உருவாக்கியதை எவ்வளவு திருத்தியிருந்தாலும் அவர்களிடம் தெரிவித்தாக வேண்டும்.

மெய்ப்புப்பிழை:
நான் மெய்ப்பு பார்ப்பவள். ஒரு சொல்லை மாற்றினால் எழுத்தாளர்கள் சண்டைக்கு வருவார்கள். "அவள் அங்கே 'போ' என்றுதான் சொல்வாள், 'போய்விடு' என்று சொல்லமாட்டாள்" என்று போனில் அரைமணி நேரம் வாதாடியவர்கள் உண்டு. இப்போது வரும் சில பிரதிகளில் எதை மாற்றினாலும் "சரி, உங்கள் விருப்பம்" என்கிறார்கள். அந்த வரிக்காகப் பேச ஆளே இல்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

2023 ஜனவரியில் நேச்சர் என்ற அறிவியல் ஆய்விதழ், ஏஐ கருவியை ஆசிரியராகப் போடக்கூடாது என்று விதி வைத்ததற்கும் காரணம் இதுதான்: எழுதியதற்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது. அந்த மகள் ஏன் அப்படிப் பேசினாள் என்று வாசகர் கேட்டால், உங்களிடம் பதில் இருக்கிறதா? இருந்தால் தாராளமாகப் பெயர் போடுங்கள். இல்லையென்றால் அந்தக் காட்சியை மூடி வைத்துவிட்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். சுமாராக வந்தாலும் பரவாயில்லை.

காகிதக்கப்பல்:
பதிப்பாசிரியர்கள் காலங்காலமாக வரிகளை மாற்றி எழுதித் தருகிறார்களே? அவர்கள் பெயரை யார் அட்டையில் போடுகிறார்கள்?

மெய்ப்புப்பிழை:
அவர்கள் கை வைப்பது நீங்கள் ஏற்கெனவே எழுதியதில். எதை மாற்றினோம் என்று காட்டுவார்கள், ஏன் என்றும் சொல்வார்கள், நீங்கள் மறுக்கலாம். இங்கே வரிசையே தலைகீழ். இவர் கதையில் அந்தக் காட்சிக்கு முதல் ஆளும் கடைசி ஆளும் கருவிதான்.

இரவுக்குருவி:
அந்த மகள் கடைசியில் மன்னிப்புக் கேட்கிறாள். ஏன் என்று யோசித்தேன், எனக்குத் தெரியவில்லை. நான் நினைத்து வைத்த மகள் கேட்கமாட்டாள். அந்தக் காட்சியைத் திரும்ப எழுதுகிறேன். முன்னுரையில் ஏதாவது குறிப்பிட வேண்டுமா?

மெய்ப்புப்பிழை:
'முதல் வரைவுக்கு ஏஐ கருவியைப் பயன்படுத்தினேன்' என்று ஒரு வரி போதும். இதழுக்கு அனுப்புவதென்றால் முதலில் விதிமுறையைப் படியுங்கள். அறிவியல் புனைகதை இதழான கிளார்க்ஸ்வேர்ல்ட் போன்றவை ஏஐ கலந்த கதைகளை ஏற்பதே இல்லை.