"அதே கலர்தானே" என்று கூலன்ட் ஊற்றியவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

மூன்றாம் கியர்

எட்டு மாதம் ஆகிறது, அந்த மூடியைத் திறந்த நிமிடம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ரிசர்வ் டேங்கில் கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம், மினிமம் கோட்டுக்கும் கீழே இருந்தது. உள்ளே இருந்தது பிங்க், கையில் இருந்ததும் பிங்க். அரை லிட்டர் ஊற்றிவிட்டுக் கிளம்பினேன். கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மேடு ஏறும்போது மட்டும் சூட்டு முள் பாதியைத் தாண்டத் தொடங்கியது.

வண்டி ஆறும்வரை காத்திருந்து மெக்கானிக் மூடியைத் திறந்தார், விரலை விட்டார். விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது கொழகொழவென்று பழுப்பு நிறத்தில் ஒரு களிம்பு. "என்ன சார் ஊத்தினீங்க?" என்றார். "அதே கலர்தான்" என்றேன், பெருமையாக வேறு. அவர் ஒன்றும் சொல்லாமல் விரலைத் துணியில் துடைத்தார். திட்டியிருந்தால்கூட இந்நேரம் மறந்திருப்பேன்.

பாட்டிலின் பின்பக்கத்தை அதன்பிறகுதான் படித்தேன். வண்டியில் இருந்தது ஓஏடி, அதாவது துருவைத் தடுக்க ஆர்கானிக் அமிலம் சேர்த்த வகை; நான் ஊற்றியது சிலிகேட் கலந்த வேறு வகை. வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கறுப்பு ஹோஸ்

பழுப்புக் களிம்பைப் பார்த்ததுமே கூலன்ட் மேல் பழி போடாதீர்கள். நானும் அப்படித்தான் போட்டேன். இரண்டு முறை பழசை வடித்துத் தண்ணீர் விட்டுக் கழுவி ஃப்ளஷ் செய்தோம், மூன்றாவது வாரம் மறுபடியும் களிம்பு. கடைசியில் பார்த்தால் ஆயில் கூலரின் உள்ளே விரிசல்; எண்ணெய் கூலன்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனாலும் இதே கோலம்தான்.

எனக்கு உறுத்துவது என்னவென்றால், முதல் ஃப்ளஷ்ஷிலேயே வாளித் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. பார்த்தேன். வெயில் பட்டு மின்னுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் அதைப் பார்த்தீர்களா, இல்லை நேராகக் கூலன்டைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்களா?

மூன்றாம் கியர்

பார்த்தோம். இன்ஜின் ஆயிலைப் பார்க்கும் டிப்ஸ்டிக் சுத்தம், களிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, ஃப்ளஷ் செய்தபின் திரும்ப வரவும் இல்லை. பழி என் மேல்தான்.

நடுநிசி ஓட்டி

இந்தக் "கலக்காதே, கலக்காதே" பயத்தாலேயே இன்ஜினைக் கொன்றவன் நான். இரவு நேரம், ஹோஸ் கிளிப் தளர்ந்து டேங்க் காலி. பின் சீட்டில் இரண்டு பாட்டில் குடிதண்ணீர் இருந்தது. கூட வந்த மாமா, "வண்டி ஆறினதும் அதை ஊத்துப்பா" என்றார். "வேணாம் மாமா, எதையும் கலக்கக் கூடாதாம்" என்று படித்த மேதாவி மாதிரி சொல்லிவிட்டு மெதுவாக ஓட்டினேன்.

முள் சிவப்பு வரை போனது. பிறகு தானாகவே இறங்கியது. "பாத்தீங்களா மாமா, ஆறிடுச்சு" என்றேன். எங்கே ஆறியது? சென்சாரை நனைக்கக்கூடக் கூலன்ட் மிச்சமில்லை. வெறும் ஆவியில் நின்றுகொண்டு அது எதை அளக்கும்? ஐந்து நிமிடத்தில் கருகல் வாடை, ஒரு சத்தம், வண்டி நின்றது. ஹெட் வளைந்துவிட்டது.

அவசரத்துக்கு வெறும் தண்ணீரே போதும், வீடு சேர்ந்ததும் வடித்துவிட்டுச் சரியானதை நிரப்பிக்கொள்ளலாம். முதல் பதிவைப் படித்துவிட்டு யாரும் என்னைப் போல ஆகிவிடக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய பேட்டரி

என் கதை இரண்டே வரி. ஃப்ளஷ் செய்து, தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கூலன்ட் ஊற்றினேன். கலவையில் கூலன்டின் மூலப்பொருளான கிளைக்கால் எவ்வளவு என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் 28 சதவீதம்தான் காட்டியது. 50 எங்கே, 28 எங்கே!

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்தால் எல்லாம் வடிந்துவிடும் என்று நினைக்கிறோம். வடியாது, பிளாக்கிலும் ஹீட்டரிலும் ஒரு பங்கு தங்கிவிடும். மொத்தம் 7 லிட்டர் பிடிக்கும் வண்டியில் 4 வடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளஷ் செய்தபின் உள்ளே 3 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் பாதிக்குப் பாதி கலந்த ரெடிமிக்ஸ் 4 லிட்டர் ஊற்றினால் கிளைக்கால் 2 லிட்டர்தான் போகிறது. ஏழில் இரண்டு என்றால் 28 சொச்சம். அதற்குப் பதில் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் மூன்றரை லிட்டரை முதலில் ஊற்றி, மீதி அரை லிட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர் விட்டால் கணக்கு நேராகிவிடும்.

அதற்காகக் கான்சன்ட்ரேட்டையே முழுக்க நிரப்பிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தனி எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும். சூட்டை ஏந்திக்கொண்டு போவதிலும் அது தண்ணீரை விட மட்டம். ஃப்ளஷ் செய்யும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓட விடுங்கள், இல்லாவிட்டால் பல வண்டிகளில் ஹீட்டருக்குள் இருக்கும் பழசு அப்படியே நிற்கும். சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை பொறுங்கள். வடிவது தெளிவாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே வைக்காதீர்கள். அப்புறம் முக்கியமாக, புதிதாக வாங்கியதையும் பழையதையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கலந்து இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். தெளிவாகவே இருந்தால் பயமில்லாமல் ஊற்றலாம்.

சாலைக்காகம்

அந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் நம்ப வேண்டாம். நான் அதே பாட்டில் சோதனை செய்துவிட்டுத்தான் ஊற்றினேன். ஒரு வாரம் கழித்தும் கண்ணாடி போலத் தெளிவு. இரண்டு வருடம் கழித்து வாட்டர் பம்ப்பைக் கழற்றினால் இறக்கைகள் மெலிந்து, விளிம்பெல்லாம் பல்லால் கடித்தது போல இருந்தது. அப்போதும் கூலன்ட் அழகான பிங்க்!

களிம்பு வராவிட்டால் ஒத்துப்போகிறது என்று அர்த்தம் இல்லை. உலோகத்தைக் காப்பது அதில் சொற்ப அளவில் இருக்கும் சேர்மானம். சிலிகேட் கலந்த பழைய பச்சை வகை ஏறக்குறைய 2 வருடம் வரும், ஓஏடி 5 வருடம் வரும். இரண்டையும் கலந்தால் 2 வருடக் கணக்குதான். "எல்லாவற்றோடும் சேரும்" என்று போட்டிருக்கும் யுனிவர்சல் பாட்டிலுக்கும் இதே கணக்கு.

கலர் வெறும் சாயம், அதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பாஸ்பேட்டை ஒதுக்குவார்கள், கடினத் தண்ணீரோடு சேர்ந்து படிவு கட்டும் என்று. ஜப்பானியர்கள் சிலிகேட்டை ஒதுக்குவார்கள், பம்ப் சீல் தேயும் என்று. இரண்டு பக்கத்துக்காரர்களும் பிங்க் விற்பார்கள்! ஃபோக்ஸ்வாகனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கூலன்ட் வகைகளில் முதலில் வந்த ஜி12, பழைய ஜி11 உடன் சேராது, பின்னால் வந்த ஜி12 பிளஸ் சேரும். பெயரில் ஒரு பிளஸ்தான் வித்தியாசம். மேனுவலில் போட்டிருக்கும் குறியீட்டைப் பாருங்கள், நிறத்தை விடுங்கள்.

பழைய பேட்டரி

ஊற்றலாமா கூடாதா என்ற முதல் கேள்விக்குப் பாட்டில் சோதனை போதும் என்றுதான் சொன்னேன். பம்ப் தேய வேறு நூறு காரணம் உண்டு.

சாலைக்காகம்

அந்த நூறில் இது ஒன்று.

ஈரத்துணி

தலைப்போடு நேரடியாகச் சேராது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃப்ளஷ் செய்து வடித்த கூலன்டை வாளியோடு வாசலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் எங்கள் நாய் வாலை ஆட்டிக்கொண்டே நக்கிக்கொண்டிருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், அதனால் விரும்பிக் குடிக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தது. ஆனால் அந்த வால் ஆட்டல் இருக்கிறதே, அது இன்னும் கனவில் வருகிறது.

பழைய பேட்டரி

இவ்வளவு நீளமாக எழுதிய நான் இதை எழுத மறந்துவிட்டேன். போன வாரம் வடித்தது இன்னும் ஷெட்டில் வாளியில்தான் இருக்கிறது, மூடாமல். இருங்கள், வருகிறேன்.