டிசம்பர் கடைசில அகத்தி க்ரூஸ்: கடல் தண்ணி 24-ஆ 28-ஆ? பையனுக்கு வெட்சூட் வாங்கணுமா?

செம்பூர் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் மும்பைல இருந்து க்ரூஸ் புக் பண்ணிருக்கோம், நடுவுல ஒரு நாள் லட்சத்தீவு அகத்தில ஸ்டாப், கப்பல் வெளிய நிக்கும் சின்ன போட்ல தீவுக்கு கூட்டிட்டுப் போவாங்க. அங்க ஸ்நார்கலிங்குக்கு (மூச்சுக்குழாய் மாட்டி மேல மிதந்துக்கிட்டே மீன், பவளம் பார்க்கறது) பணம் கட்டியாச்சு, நானு, வீட்டுக்காரரு, 8 வயசு பையன். இப்ப குழப்பம் என்னன்னா ஒரு ஆப்ல கடல் தண்ணி 24 டிகிரின்னு காட்டுது, இன்னொரு வெப்சைட்ல 28ன்னு போட்டிருக்கு. எதை நம்புறது? பையன் ரொம்ப ஒல்லி, எங்க சொசைட்டி பூல்ல இப்பவே கொஞ்ச நேரத்துல உதடு நீலமாகி பல்லு கிடுகிடுங்குது. மாமியார் வேற மார்கழி மாசத்துல புள்ளையக் கடல்ல எறக்காதன்னு தினமும் சொல்றாங்க. வெட்சூட், அதான் தண்ணில குளிர் தாங்கற ரப்பர் மாதிரி டிரெஸ், வாங்கலாமான்னு பார்த்தா வெல அதிகமா இருக்கு, அடுத்த வருஷம் அவனுக்கு அது பத்தவும் பத்தாது. போனவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

டோம்பிவிலி டைவர்:
அக்கா முதல்ல அந்த 24 காட்டுற ஆப்ல எந்த ஊர் செலக்ட் ஆகியிருக்குன்னு பாருங்க. நிறைய ஆப் போன் இருக்கற இடத்தைத்தான் எடுத்துக்கும், அப்படின்னா அது மும்பைக் கரையோட நம்பர். குளிர்காலத்துல நம்ம கரைல 24, 25 சகஜம். அகத்தி மேப்ல அட்சரேகைக் கணக்குல இங்கிருந்து ஏறக்குறைய 8 டிகிரி தெற்க இருக்கு, அங்க டிசம்பர் ஜனவரில 28 பக்கத்துலதான் நிக்கும், அரை டிகிரி அப்படி இப்படி.

செம்பூர் அம்மா:
பார்த்தேன் தம்பி, ஆமா செம்பூர்னுதான் இருக்கு. அகத்தின்னு மாத்தினதும் 28 காட்டுது. ஆனா ஒரே அரபிக்கடல்தானே, இவ்ளோ வித்தியாசம் வருமா?

மாட்டுங்கா வாத்தியார்:
வரும்மா, அதுக்கு நல்ல காரணம் இருக்கு. குளிர்காலத்துல வடக்க நிலத்துலருந்து வர்ற காத்து காஞ்ச காத்து, கொஞ்சம் குளிர்ந்த காத்து. அது வட அரபிக்கடல் மேல அடிக்கும்போது தண்ணி நிறைய ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போகும், குளிர்ந்த தண்ணி கனமாகி கீழ இறங்க அடியிலருந்து வேற தண்ணி மேல வரும், இப்படியே கலந்து கலந்து மேல்மட்டம் குளிர்ந்துடும். தெற்க கதை வேற. அந்த மாசங்கள்ல வங்காள விரிகுடாவோட உப்பு கம்மியான தண்ணி இலங்கையைச் சுத்திக்கிட்டு லட்சத்தீவு பக்கம் வந்து சேருது, உப்பு கம்மின்னா எடை கம்மி, அதனால அது மேலயே மிதந்து நிக்கும், அடியில இருக்கற தண்ணியோட சுலபமா கலக்காது, வெயிலோட சூடு அந்த மேல் அடுக்குலயே தங்கிடும். அதனாலதான் ஜனவரில கூட அங்க வெதுவெதுன்னு இருக்கு, ஏப்ரல் மேல 30ஐத் தாண்டிடுது. கடல் நிலவரம் பார்க்க ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ் (INCOIS, மத்திய அரசோட கடல் தகவல் மையம்) வெப்சைட் நல்லது. கிளம்பறதுக்கு முந்தி அலை எச்சரிக்கையும் அதுல பார்த்துக்கோங்க, என்னைக் கேட்டா டெம்பரேச்சரை விட அதுதான் முக்கியம்.

முலுண்ட் ட்ராவலர்:
நான் சொல்றது என்னன்னா 3 மில்லிமீட்டர் தடிமன் வெட்சூட் வாங்கிடுங்க, குழந்தை விஷயத்துல ரிஸ்க் எதுக்கு?

டோம்பிவிலி டைவர்:
ப்ரோ 28 டிகிரி தண்ணில மேல மிதக்கற ஸ்நார்கலிங்குக்கு 3 மில்லி அதிகம். போட்ல உக்காந்திருக்கும்போதே பையன் வெந்துடுவான். ஸ்கூபால முக்கால் மணி நேரம் கீழ இருக்கறவங்களுக்கு அது சரி. இவங்களுக்கு முழுக்கை ரேஷ் கார்ட் (உடம்போட ஒட்டற மெல்லிசான நீச்சல் சட்டை) போதும், அது குளிருக்குங்கறதை விட வெயிலுக்கு. ஸ்நார்கல் பண்ணும்போது முதுகு முழுக்க வெயில் பார்த்து இருக்கும், தண்ணி அடிக்கறதால சுடறது தெரியாது, ராத்திரி கப்பல்ல படுக்க முடியாது. முழங்கால் கிட்ட பின்பக்கம், கழுத்துப் பின்னாடி, இந்த ரெண்டு இடத்தை எல்லாரும் மறந்துடறாங்க. பையனுக்கு இன்னும் கொஞ்சம் பாதுகாப்பு வேணும்னா 2 மில்லி அரைக்கை ஷார்ட்டி (கை, கால் குட்டையான வெட்சூட்) வாடகைக்கு கிடைக்குதான்னு கேளுங்க, வாங்க வேண்டாம்.

சயான் குழந்தைகள் நர்ஸ்:
அக்கா, தண்ணி 28ங்கறதால பையனுக்குக் குளிராதுன்னு எடுத்துக்காதீங்க. வீட்ல ஏசிய 28ல வச்சா நமக்குப் புழுங்கும், ஆனா தண்ணி காத்தை விட 20 மடங்குக்கு மேல வேகமா உடம்புச் சூட்டை இழுக்கும். நம்ம தோல் 33, 34 டிகிரி இருக்கும், அதை விடக் குறைஞ்ச தண்ணி எதுவா இருந்தாலும் சூடு போய்க்கிட்டேதான் இருக்கும். பெரியவங்களுக்கு மெதுவா போகும், ஒல்லியான குழந்தைக்கு சீக்கிரம், ஏன்னா அவங்க எடைக்கு தோல் பரப்பு ஜாஸ்தி, கொழுப்பும் கம்மி. அதனால நம்பரை விட நேரத்தைப் பாருங்க. ஒரு தடவைக்கு 20 நிமிஷம், வெளிய வா, துடை, போட்ல காத்து படாம பெரிய டவல் சுத்தி உக்கார வை, ஃப்ளாஸ்க்ல பூஸ்ட் மாதிரி சூடா ஏதாவது கொடு, அப்புறம் வேணும்னா திரும்ப இறங்கட்டும். நடுங்க ஆரம்பிச்சா அதோட அன்னைக்கு நிறுத்திடுங்க, இன்னும் ஒரு மீன் பார்த்துட்டு வரேம்மான்னு கெஞ்சுவான், விடாதீங்க. நிறைய குழந்தைங்களுக்கு தண்ணிக்குள்ள இருக்கும்போது குளிர் தெரியாது, வெளிய வந்து காத்து பட்டதும்தான் உடம்பு தூக்கிப்போடும். வெறும் வயித்துல இறக்க வேண்டாம், இட்லியோ உப்புமாவோ கப்பல்ல என்ன இருக்கோ லேசா கொடுத்துட்டு கொஞ்ச நேரம் விட்டு இறக்குங்க. சளி, மூக்கடைப்பு இருந்தா காது வலிக்கும், அன்னைக்கு வேண்டாம்.

டோம்பிவிலி டைவர்:
நர்ஸ் அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. இன்னொண்ணு, சொசைட்டி பூலை வச்சு கடலைக் கணக்குப் போடாதீங்க. திறந்த பூல் சின்னது, டிசம்பர் ராத்திரி மும்பைல 17, 18 வரைக்கும் இறங்கினா அது சீக்கிரம் குளிர்ந்துடும், காலைல இறங்கினா பெரியவங்களுக்கே நடுங்கும். கடல் ராத்திரில அவ்ளோ சட்டுன்னு இறங்காது. ஆழம் கம்மியான லகூன் (தீவைச் சுத்தி பவளத்திட்டுக்கு உள்ள இருக்கற கடல்) மட்டும் விடியக்காலைல கொஞ்சம் குளிர்ந்து மத்தியானம் வெதுவெதுப்பாகும். ஸ்லாட் சாய்ஸ் கொடுத்தா முதல் பேட்ச் வேண்டாம், 10, 11 மணி பேட்ச் எடுங்க, வெளிச்சமும் மேலருந்து விழறதால பவளம் கலரோட தெரியும்.

செம்பூர் அம்மா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இப்பதான் மனசு நிம்மதி ஆச்சு. வெட்சூட் வாங்கல. ரேஷ் கார்டும் பெரிய டவலும் எடுத்துக்கறேன், ஷார்ட்டி இருக்கான்னு ஃபோன்ல கேட்டுடறேன். மாமியார்கிட்ட நர்ஸ் எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டினேன், சரி 20 நிமிஷம்னா 20 நிமிஷம், நான் கரைல வாட்ச் பார்த்துட்டு உக்காந்திருப்பேன்னு சொல்லிட்டாங்க. பையன் கலர் கல்லு பொறுக்கிட்டு வருவேன்னு பாட்டில் எடுத்து வச்சிருக்கான்.

மாட்டுங்கா வாத்தியார்:
பாட்டில் வேண்டாம்மா. பவளத்துண்டு எடுக்கறது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 படி குற்றம், செத்துக் கரை ஒதுங்கினதா இருந்தாலும் தொடாம வர்றதுதான் நல்லது. அங்க பவளம் 1998, 2010, 2016, மறுபடி 2024ன்னு கோடைச் சூட்டுல வெளுத்துப் போய் அடி வாங்கியிருக்கு. உங்க பையன் சாம்பல் நிறத்துல நிறைய செத்த பவளம் பார்ப்பான், ஏன்னு கேட்டா இதைச் சொல்லுங்க, இந்த வயசுல கேட்டா மறக்க மாட்டான். தண்ணில களைப்பா இருந்தா பவளம் மேல நிக்க வேண்டாம், லைஃப் ஜாக்கெட்ல மிதந்துக்கிட்டே கையைத் தூக்கச் சொல்லுங்க, கைட் வந்துடுவார்.

காட்கோபர் கார்த்தி:
இழைல புகுந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும். நாங்க ஜனவரில துபாய்லருந்து ஏறுற க்ரூஸ், ஃபுஜைரா பக்கம் ஸ்நார்கலிங் போட்டிருக்காங்க. அங்கயும் ரேஷ் கார்டே போதுமா?

டோம்பிவிலி டைவர்:
போதாது தம்பி. துபாய்ப் பக்கம் ஜனவரி பிப்ரவரில தண்ணி 22, 23க்கு இறங்கிடும், ஃபுஜைரா ஓமான் வளைகுடா பக்கம் இருக்கறதால கொஞ்சம் பரவால்ல, ஆனா அகத்தி மாதிரி நினைச்சுட்டு இறங்காதீங்க. முலுண்ட் ப்ரோ சொன்ன 3 மில்லி முழு வெட்சூட் அங்கதான் வேணும். டூர்காரங்ககிட்ட உங்க உயரம் எடை சொல்லி சைஸ் இருக்கான்னு முன்னாடியே கேட்டு வாங்குங்க, லூசா இருந்தா உள்ள தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், போட்டும் பிரயோஜனம் இல்ல.