மறுமொழி: துணியில் ஏற்றிய படத்துக்கு ஒரு சொல் – 'சீட்டிப்படம்' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நம் போர்வைத் தையல் கையேட்டுக்காக, துணியில் ஏற்றிய படத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மூன்று நாளாக வந்த மடல்களை இன்று காலை வரிசையாகப் படித்தேன். குவில்ட்டுக்கு 'அடுக்குப் போர்வை' என்று போன மாதமே முடித்துவிட்டோம். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைப்பதால் அது நல்ல சொல். அதை மறுபடி கிளறவில்லை. ஒளிப்படமா, நிழற்படமா, புகைப்படமா என்ற வழக்கும் இங்கே வேண்டாம், 'படம்' என்றாலே போதும். இப்போது பெயர் வைக்க வேண்டியது, அந்தப் போர்வையில் கட்டமாக வைத்துத் தைக்கத் துணியில் ஏற்றிய படத்துக்கு.

இதுவரை வந்த சொற்கள்: ஒளிப்படத் துணியச்சு, துணிப்படம், படப்பதிவுத் துணி. மூன்றுமே படமும் துணியும் சேர்ந்திருப்பதைச் சொல்கின்றன. படம் துணிக்கு மேலே நிற்கிறதா, துணிக்குள்ளே இறங்கியிருக்கிறதா என்பதைச் சொல்லவில்லை. தைக்கிறவருக்கு அதுதான் முதல் கேள்வி. எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன்.

எங்கள் ஆச்சி திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அவருடைய பழைய நூல் சேலைகளை வெட்டிப் போர்வை தைத்தபோது, நடுக்கட்டத்தில் அந்தப் படத்தை வைக்க ஆசைப்பட்டேன். ஒரு கடையில் கொடுத்தேன். படத்தைத் தாளில் இடவலம் மாற்றி அச்சடித்து, துணிமேல் கவிழ்த்துச் சூட்டில் அழுத்தித் தந்தார்கள். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. தைக்க உட்கார்ந்தபோதுதான் வினை. ஊசி குத்திய இடத்திலெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி. தப்பாகப் போட்ட தையலைப் பிரித்தால் ஓட்டை அப்படியே நின்றது, ரப்பரில் குத்தியதுபோல. மூன்றாவது சலவையில், மடித்து வைத்த மடிப்பின் வழியே ஆச்சியின் கன்னத்தில் குறுக்காக ஒரு கோடு வெடித்தது. படம் துணியில் ஏறவே இல்லை. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோலாக மேலே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த முறை வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரிலேயே செய்தேன். நெருக்கமாக நெய்த வெள்ளைப் பருத்தித் துணியைக் கஞ்சி போக அலசி, மை பிடிக்க வைக்கும் கரைசலில் ஊற வைத்து, காயவிட்டு, ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய தாளின்மேல் இஸ்திரி போட்டு ஒட்டி, ஏ4 அளவுக்கு வெட்டி உள்ளே கொடுத்தால், துணி காகிதம்போல் விறைப்பாகப் போய் வருகிறது. காய்ந்த பிறகு தாளை உரித்துவிட்டுத் துணியைத் தண்ணீரில் அலச வேண்டும். நிறம் சற்று மங்கல்தான். ஆனால் ஊசி குத்திய ஓட்டையை நகத்தால் நீவினால் இழைகள் கூடி மறைந்துவிடுகின்றன. கையை வைத்தால் துணிதான் தெரிகிறது.

இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மை துணிக்குள் இறங்கிய இரண்டாவதற்கு நான் முன்வைக்கும் சொல் பழையது: சீட்டி. பூப்போட்ட பருத்தித் துணியைச் சீட்டித் துணி என்றும், அதில் தைத்ததைச் சீட்டிப் பாவாடை என்றும் சொல்லிக் கேட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் இதையே சீத்தை என்பார்கள். இந்தியில் சீண்ட், ஆங்கிலத்தில் சின்ட்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். இந்திச் சொல்லுக்கு அடிப்பொருள் தெறித்த துளி, புள்ளி. இங்க்ஜெட் செய்கிற வேலையும் அதுதானே? கண்ணுக்குத் தெரியாத மைத்துளிகளைத் துணியில் தெறித்துத்தான் அது ஆச்சியின் முகத்தை வரைகிறது. இந்தப் பொருத்தத்தைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டிகளுக்கு ஐரோப்பாவில் அத்தனை மவுசு; உள்ளூர் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறது என்று பிரான்ஸ் 1686-இல் அவற்றுக்குத் தடையே போட்டது. அந்தத் துணிகளின் பெருமை, துவைத்தாலும் சாயம் போகாதது. காரணம் முன்வேலை: துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்து எடுப்பார்கள். பாலின் கொழுப்பு, வரைந்த கோடு பரவாமல் தடுக்கும். படிகாரம் சாயவேரின் சிவப்பை இழையோடு பிணைக்கும். பிரிண்டரில் கொடுக்கும் முன் துணியைக் கரைசலில் ஊற வைக்கிறோமே, வேதிப்பொருள் வேறானாலும் நோக்கம் அதேதான். அந்தக் கரைசலுக்குச் 'சாயப்பிடிப்பு' என்று வைக்கலாம். 'சாயம் பிடிக்கவில்லை' என்பது சாயப்பட்டறையில் அன்றாடம் காதில் விழும் பேச்சு.

முதலில் நான் 'படச்சீட்டி' என்றுதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த மறுப்பு இது:

> படச்சீட்டி என்றால் சினிமா டிக்கெட் நினைவு வருகிறது. தவிர, சீட்டி அடிப்பது வேறு இருக்கிறது.

முதல் மறுப்பு முற்றிலும் சரி. ஒரு எழுத்து மாறினால் தியேட்டர் வாசலுக்குப் போய்விடுகிறோம். அதனால் சொல்லைத் திருப்பிப் போட்டு 'சீட்டிப்படம்' என்கிறேன். சீட்டித் துணியாக ஆன படம். நமக்குப் பெயர் வேண்டியதும் படத்துக்குத்தான், துணிக்கு அல்ல. இரண்டாவது மறுப்பை நான் ஏற்கவில்லை. படி என்றால் அளவும் உண்டு, வாசல்படியும் உண்டு, படிப்பதும் உண்டு, யாரும் குழம்புவதில்லை.

சூட்டில் அழுத்தி மேலே ஒட்டுவதற்கு 'ஒட்டுப்படம்' போதும். அது தாழ்ந்தது என்று சொல்லவில்லை. கைப்பைக்கோ சுவரில் மாட்டும் வேலைக்கோ தாராளமாக ஆகும். பெயரைக் கேட்டதும், இதன்மேல் நேராக இஸ்திரிப் பெட்டி வைக்கக் கூடாது, குறுக்கே தையல் ஓட்டக் கூடாது என்று தைப்பவருக்குப் புரிந்தால் சரி.

பாலியஸ்டர் துணியில் செய்வது மூன்றாவது வகை. அதற்குப் பள்ளிப் பாடத்திலேயே சொல் இருக்கிறது: பதங்கமாதல். கற்பூரம் உருகாமல் ஆவியாவதுபோல, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சாயம் ஆவியாகி இழைக்குள் புகுகிறது. ஆகவே 'பதங்கப்படம்'. பருத்தியில் இது நிற்காது.

நான்காவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. 1842-இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப். இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துத் துணியில் பூசி, இருட்டில் காயவைத்து, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டிவிட்டு, வெறும் தண்ணீரில் அலசினால் நீலத்தில் படம் எழும். தண்ணீருக்குள் அந்த நீலம் மெல்ல மெல்லத் தேறி வருவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். சலவைச் சோடா மட்டும் ஆகாது, நீலம் வெளுத்துவிடும். 'நீல அச்சு' என்றால் கட்டட வரைபடம் நினைவுக்கு வருவதால், இதை 'வெயில்படம்' என்கிறேன்.

'நினைவுப் போர்வை' என்ற சொல்லை ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அருமையான சொல், ஆனால் அது போர்வையின் பெயர், படத்தின் பெயர் அல்ல. எய்ட்ஸால் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய பெரும் போர்வைக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. அந்த ஆண்டு அக்டோபரில் வாஷிங்டன் திடலில் 1,920 துண்டுகளை விரித்தார்கள். இறந்தவரின் சட்டை, கடிதம், படம் என்று கிடைத்ததையெல்லாம் வைத்துத் தைத்த துண்டுகள் அதில் உண்டு.

கையேட்டில் சொற்கள் எப்படி உட்காருகின்றன என்று எழுதிப் பார்த்தேன்: "சீட்டிப்படத்தைச் சுற்றிலும் கால் அங்குலம் வெள்ளை விட்டு வெட்டுங்கள். ஒட்டுப்படமாக இருந்தால் முகத்தின்மேல் தையல் ஓட்டாதீர்கள். வெயில்படத்தைச் சோடா கலக்காத சோப்பில் அலசுங்கள்." என் காதுக்கு இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்த இடம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், ஒன்று மீதி இருக்கிறது. அடுக்குகள் நகராமல் இருக்க முதலில் பெரிய பெரிய தையலாகப் போட்டு, கடைசியில் பிரித்துவிடுகிறோமே, அதை எங்கள் பக்கத்தில் 'நூல் ஓட்டுவது' என்கிறோம். உங்கள் ஊர்த் தையல்காரர்கள் வேறு ஏதாவது சொல்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் கையேட்டில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்.