வளர்ப்பு எலிக்கு மூச்சிரைப்பு, மூக்கில் சிவப்புக் கசிவு: எந்த மருந்து, எப்போது அவசரம்?

வெண்வால் (கேள்வி):

வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பெண் எலிகளை வளர்க்கிறோம். மூத்ததற்கு ஒன்றரை வயது கடந்துவிட்டது. சில வாரங்களாக அடிக்கடி தும்முகிறது. காலையில் பார்த்தால் மூக்கைச் சுற்றியும் கண்ணோரத்திலும் உலர்ந்த ரத்தம் போலச் சிவப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. இப்போது உறங்கும்போதுகூட அதன் விலாப்புறம் உள்வாங்கி எழுகிறது. காதருகே வைத்துக் கேட்டால் கரகரவென்று ஒலிக்கிறது. 320 கிராம் இருந்த எடை 280 கிராமாகக் குறைந்துள்ளது. பெரும்பாலும் நாய்களையே பார்க்கும் உள்ளூர் மருத்துவர் ஒருவர் அமாக்சிசிலின் கொடுத்தார். கொடுத்து முடித்தும் குணம் தெரியவில்லை. மூக்கில் வருவது ரத்தமா? இளைய எலியைப் பிரித்து வைக்க வேண்டுமா? மருந்தைத் தயிரில் கலந்து கொடுக்கலாமா?

கூண்டுக்காரர்:

சிவப்பாக இருப்பது பெரும்பாலும் ரத்தம் அன்று. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஹார்டேரியன் சுரப்பியிலிருந்து வடியும் போர்ஃபைரின் என்னும் நிறமி அது. ஈரப் பஞ்சில் துடைத்தெடுத்து, கடைகளில் கள்ளநோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கின் கீழ்ப் பிடித்துப் பாருங்கள். போர்ஃபைரின் என்றால் இளஞ்சிவப்பாக ஒளிரும், ரத்தம் ஒளிராது. ஆனால் ரத்தம் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். நலமாக உள்ள எலி முகத்தை ஓயாமல் கழுவிக்கொள்ளும். கசிவு உலர்ந்து ஒட்டும் அளவுக்கு விட்டுவைக்கிறது என்றால், அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது, அல்லது எலிக்குத் தெம்பு இல்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது விலாவும் எடையும்தான். 40 கிராம் என்பது அதன் உடலில் எட்டில் ஒரு பங்கு. நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு மிக வழக்கமான காரணம், வளர்ப்பு எலிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிடமும் குடியிருக்கும் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்னும் நுண்ணுயிர். அமாக்சிசிலின் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுத்துக் கொல்லும் மருந்து. மைக்கோபிளாஸ்மாவுக்கோ செல்சுவரே கிடையாது. எனவே அந்த மருந்து பலிக்காததில் வியப்பில்லை. டாக்ஸிசைக்ளினையும் என்ரோஃப்ளாக்சசினையும் சேர்த்துக் கொடுப்பதே பரவலான வழக்கம், அதுவும் சில நாள்களுக்கு அல்ல, வாரக்கணக்கில். கிருமி முற்றாக ஒழியாது, அடங்கியிருக்கும்; மீண்டும் தலைதூக்கினால் மீண்டும் மருந்து தேவைப்படும். அளவை இன்றைய எடைக்கேற்ப மருத்துவர் கணக்கிட வேண்டும். மனிதர்களுக்கான காப்ஸ்யூலைப் பிரித்துக் குத்துமதிப்பாகக் கொடுக்காதீர்கள்.

தயிர் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் இவ்விரு மருந்துகளையும் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாமல் செய்துவிடும். மசித்த வாழைப்பழத்தில் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சின் நுனியில் வைத்து நீட்டுங்கள், நக்கிக்கொள்ளும். குடிநீர்ப் புட்டியில் கலப்பதும் பயனற்றது: கசப்பினால் எலி தண்ணீரையே குறைத்துக்கொள்ளும்.

இளையதைப் பிரிக்கத் தேவையில்லை. கிருமி ஏற்கெனவே அதனிடமும் இருக்கும்; தனிமையோ நோயாளியை மேலும் வாட்டும்.

மரச்சீவல்:

மேலே சொன்னவற்றோடு கூண்டையும் பாருங்கள். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா மூச்சுப்பாதையின் உட்பூச்சைச் சிதைத்து இந்நோயை முற்றவைக்கிறது. நாம் நின்றபடி முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. எலி படுக்கும் உயரத்துக்கு முகத்தைத் தாழ்த்தி முகர வேண்டும். பைன், தேவதாரு மரச்சீவல்களை விலக்கிக் காகிதத் துணுக்குகளோ பருத்தித் துணியோ விரியுங்கள்.

உறங்கும்போது மூச்சை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்விலுள்ள எலிக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முதல் 115 வரை இயல்பு. எலிகள் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் இயல்புடையவை என்பதால், வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினாலோ, பாதமும் வாலும் நீலம் பாய்ந்தாலோ, விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். அந்த நிலையில் சிரிஞ்சால் உணவையோ நீரையோ வாயில் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

வெண்வால்:

மிக்க நன்றி. மூச்சு இப்போது 130ஐ ஒட்டி வருகிறது, வாய் திறக்கவில்லை. ஒரு சந்தேகம்: சரியான மருந்து கொடுத்தும் மாற்றம் இல்லையென்றால் வேறு என்னவாக இருக்கலாம்?

கால்நடை மருத்துவ முதுகலை மாணவி:

இந்த வயதில் இதயத்தையும் நினைவில் வையுங்கள். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் இதே மூச்சிரைப்புதான் தெரியும். அதற்குக் கேட்பது ஆன்டிபயாட்டிக் அல்ல, ஃபியூரோசிமைடு போன்ற நீரிறக்கி மருந்து. மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இரண்டையும் ஓரளவு பிரித்தறியலாம் என்பதால், மருந்து தொடங்கிச் சில நாள்களுக்குள் மூச்சு எண்ணிக்கை இறங்காவிட்டால் அதைக் கேட்டுப் பெறுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வயதான பெண் எலிகளுக்கு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி வருவதுண்டு. உணவுத் துண்டை முன்கைகளில் பிடிக்க முடியாமல் நழுவவிடுவதும், வட்டமிட்டு நடப்பதும் அதன் அடையாளங்கள். அப்படிப்பட்ட எலியும் இளைக்கும், முகத்தில் சிவப்பு ஒட்டியிருக்கும். எனவே ஒரு நிலக்கடலையைக் கொடுத்து, எப்படிப் பிடிக்கிறது என்று கைப்பேசியில் படம்பிடித்து, உறங்கும்போது விலா அசையும் காணொளியோடு மருத்துவரிடம் காட்டுங்கள். மேசைமேல் ஏற்றியதும் மிரண்டு, நோயை மறைத்துக்கொள்வது எலிகளின் இயல்பு.

சென்னையில் இருக்கிறீர்கள் என்றால், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, எலி என்று சொல்லி, எந்தப் பிரிவில் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு செல்லுங்கள். 130 என்பது அதிகம்தான், நாளைக்கே போவது நல்லது. இளைய எலியையும் அதே பெட்டியில் துணைக்கு வைத்துக் காலையிலேயே கிளம்புங்கள்; எலிகளுக்கு வியர்க்காது, சூட்டை வெளியேற்ற வாலையே பெரிதும் நம்பியிருக்கும், மூச்சு முட்டும் எலி மதிய வெயிலைத் தாங்காது.