அயர்லாந்துப் பூர்வீகம் தேடிய கதைகள்: கோயில் ஏடு, கல்லறை, குத்தகைக் கணக்கு

டிப்பரரி மருமகள்:

கணவர் வீட்டுப் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டிருப்பவள் நான்தான். அவருக்கு அதில் அக்கறை கிடையாது. மாமியாருக்குத்தான் தன் அப்பாவைப் பெற்ற பாட்டி எந்த ஊர்க்காரி என்று தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே இன்னும் சிலர் இதே வேலையில் இறங்கியிருக்கிறீர்கள் என்பதால் என் கதையை முதலில் போடுகிறேன். உங்களுடையதையும் சொல்லுங்கள்.

அயர்லாந்து என்றாலே "எல்லாம் எரிந்துபோச்சு" என்பார்கள். பாதி உண்மை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் தொடங்கிய மூன்றாம் நாள், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதியும், அயர்லாந்துத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் சபைக் கோயில்களின் ஏடுகளில் பாதிக்கு மேலும் அதோடு போயின. ஆனால் 1861, 1871 கணக்குகளை அழித்தது தீ அல்ல, அரசேதான். 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர் சமயத்தில் காகிதத் தட்டுப்பாட்டுக்காகக் கூழாக்கப்பட்டன. முழுசாகத் தப்பியதில் பழையவை 1901, 1911 கணக்குகள். இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கத்தோலிக்கக் கோயில் ஏடுகள் அந்தத் தீயில் இல்லை. அவை அந்தந்தப் பங்கிலேயே, அதாவது ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கும் கோயில் வட்டாரத்திலேயே, கிடந்ததால் பிழைத்தன. தேசிய நூலகம் 2015இல் அவற்றின் மைக்ரோஃபிலிம் படங்களை இணையத்தில் ஏற்றியது. பெரும்பாலும் 1880 வரைக்கும் பார்க்கலாம். நான் தேடிய பக்கம் பழுப்பேறி, ஓரத்தில் ஈரம் பட்டு மை கலங்கி இருந்தது. சாமியார் லத்தீனில் எழுதியிருக்கிறார்: பேட்ரிக் அங்கே பட்ரீசியுஸ், பிரிஜெட் அங்கே பிரிகிடா. ஒரு வரிக்குள் தேதி, பிள்ளை, அப்பா, அம்மா, ஞானப்பெற்றோர் இருவர், கடைசியில் நுணுக்கி எழுதிய டவுன்லாண்ட் பெயர். அம்மாவின் பெயரோடு அவள் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையும் போட்டிருக்கிறார்கள், அது பெரிய வரம். டவுன்லாண்ட் என்பது சில நூறு ஏக்கர் கொண்ட சின்ன நிலப்பகுதி. நாடு முழுக்க 60,000க்கும் மேல் உண்டு. அந்தப் பெயர் கிடைக்காதவரை மற்ற எதையும் தொடாதீர்கள், நேரம்தான் வீணாகும்.

எங்கள் தேடல் டிப்பரரி மாவட்டத்தில். அங்கே தடுக்கி விழுந்தால் ரயன் என்ற குடும்பப்பெயர்க்காரர் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். ஒரே பங்கில் ஒரே வருடம் ஞானஸ்நானம் பெற்ற பேட்ரிக் ரயன்கள் எத்தனையோ பேர். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று நம் வீடுகளைப் போலவே வைப்பார்கள். அதனால் பங்காளிகள் எல்லாருக்கும் ஒரே பெயர்! பிரித்துக் காட்டியது ஞானப்பெற்றோர் பெயர்கள்தான். அவர்கள் அநேகமாக அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்.

சரி, பிறப்பு கிடைத்துவிட்டது. சாவு? தென் அயர்லாந்தின் கத்தோலிக்கப் பங்குகளில் அடக்கப் பதிவே அரிது. அரசாங்க இறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் செத்த ஏழைக் குடியானவன் எந்த ஏட்டிலும் சாவதில்லை. எனக்குக் கைகொடுத்தது நிலப்பிரபுவின் குத்தகைப் பேரேடு. அதற்கு முன் கிரிஃபித் மதிப்பீட்டைப் பார்த்தேன். 1847க்கும் 1864க்கும் இடையில் வெளிவந்தது, நம்மூர் அடங்கல் மாதிரி: நிலம் யார் அனுபவத்தில், யாரிடமிருந்து வாங்கியது, எவ்வளவு, மதிப்பு என்ன. அதில் "யாரிடமிருந்து" என்ற கட்டத்தில் நிலப்பிரபுவின் பெயர் கிடைத்தது. அந்தக் குடும்பத்தின் காகிதங்கள் எங்கே போயின என்று பார்த்தால், தேசிய நூலகத்திலேயே கட்டுக்கட்டாக இருந்தன.

அங்கே குத்தகை மே, நவம்பர் என்று வருடத்துக்கு இரு தவணை. பேரேட்டில் பெயர், பாக்கி, கட்டியது, மீதி, கடைசியில் குறிப்பு என்று கட்டங்கள். 1848 மே தவணையில் மாமியாரின் முப்பாட்டன் பெயர் இருக்கிறது. நவம்பரில் அதே வரியில், அதே நிலத்துக்கு நேராக, "விதவை" என்று சேர்த்து அவர் மனைவியின் பெயர். அவ்வளவுதான் அவர் சாவுக்கு மிஞ்சிய சாட்சி. சாமியார் எழுதவில்லை, அரசாங்கம் எழுதவில்லை. பாக்கியை யாரிடம் வசூலிப்பது என்று தெரிய வேண்டியிருந்ததால் கணக்கர் எழுதினார். மாமியாரிடம் சொன்னதும், "அப்ப பாக்கி எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்டார்.

ஒட்டாவா வாசி:

நன்றி தங்கச்சி. நீங்கள் பேரேடு என்றதும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் யாழ்ப்பாணம், மகன் முடித்தது ஐரிஷ் வழிவந்த கனேடியப் பிள்ளையை. சம்பந்தி வீட்டில் கதைக்கும்போது "நாங்கள் விக்லோ" என்று அயர்லாந்து மாவட்டம் ஒன்றின் பெயரைச் சொல்வார்கள், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

விக்லோ என்றால் கூலாட்டின் எஸ்டேட்டைப் பார்க்காமல் விடக்கூடாது. ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவின் காணி அது. 1847இலிருந்து 1856 வரை தன் குடியானவர்களில் ஏறக்குறைய 6,000 பேரை அவரே கப்பல் காசு கொடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார். தர்மம் என்றும் சொல்லலாம், காணியைக் காலியாக்கும் வழி என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கட்சி. ஏனென்றால் அந்தப் புறப்பாட்டுப் பேரேட்டில் குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவரின் வயது, டவுன்லாண்ட் எல்லாம் எழுதிவிட்டு, சில வரிகளில் "குடிலை இடித்துவிட வேண்டும்" என்றும் குறித்திருக்கிறார்கள். திரும்பி வர வீடு இருக்காது.

மருமகளின் பூட்டனைப் பெற்றவரை அதில் கண்டேன், ஐந்து பிள்ளைகளோடு. கியூபெக் பக்கத்துக் கோயில் பதிவுகளில் தேடினால் மூன்று பேருக்குத்தான் பிறகு கல்யாணம், காட்சி எல்லாம் வருகிறது. மற்ற இரண்டு பேரும் எங்கே என்று நான் ஊகிக்க வேண்டியதில்லை, அவர்கள் வந்தது 1847இல். கியூபெக்குக்குக் கீழே ஆற்றில் இருக்கும் குரோஸ் தீவில் அந்த ஒரு வருடத்தில் மட்டும் 5,000க்கு மேற்பட்டோரைப் புதைத்திருக்கிறார்கள், அநேகமாக எல்லாம் டைபஸ் காய்ச்சல். அங்கே 1909இல் எழுப்பிய பெரிய கெல்டிக் சிலுவை இருக்கிறது. இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த கண்ணாடிச் சுவரும் இருக்கிறது. மருமகள் அதில் ஒரு பெயரைக் கண்டுபிடித்தாள். சின்னவளின் பெயர். மற்றவன் பெயர் இல்லை. எங்கள் பக்கத்திலும் பெயர் இல்லாமல் போனவர்கள் கனபேர் என்பதால், அவள் அங்கே ஏன் அவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டப்ளின் தம்பி:

அக்கா, அண்ணா இருவரும் பேரேட்டுக்காரர்கள். நான் கல்லறைக்காரன். வேலை ஐடி, சனிக்கிழமைகளில் பழைய கல்லறைத் தோட்டங்களைப் பதிவு செய்யும் உள்ளூர்க் குழுவோடு சுற்றுகிறேன்.

ஒரு விஷயத்தை உரக்கச் சொல்கிறேன்: எழுத்து தெரியவில்லை என்று கல்லின் மேல் சாக்பீஸ், மாவு, கம்பிப் பிரஷ் எதையும் கொண்டுபோகாதீர்கள். சுண்ணாம்புக்கல் அப்படியே உதிரும். பல தோட்டங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடங்கள் வேறு. சாயங்காலம் போங்கள், இல்லையென்றால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே அடித்தால் வெறும் பாறையாகத் தெரிவது, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுத்தாக எழும். முதல் வரியில் இருப்பது பெரும்பாலும் கல்லை நட்டவர் பெயர், செத்தவர் பெயர் அல்ல. நட்டவர் அமெரிக்காவில் இருந்தால் அந்த ஊரும் சில சமயம் செதுக்கப்பட்டிருக்கும். எனக்கு அதுதான் பொக்கிஷம்.

கல் இல்லாதவர்கள்தான் அதிகம். வயலில் கிடந்த பாறைத் துண்டைத் தலைமாட்டில் நட்டுவிட்டுப் போனார்கள். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளைக் கோயில் நிலத்திலேயே சேர்க்கவில்லை. கில்லீன் என்று தனி இடம், ஊர் எல்லையிலோ பழைய கோட்டை மேட்டிலோ. அதற்கு ஏடு கிடையாது.

டப்ளின் நகரத்துக்காரர் என்றால் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். டேனியல் ஓ'கானல் முயற்சியில் 1832இல் திறந்தது, சுமார் 15 லட்சம் பேர் அங்கே இருக்கிறார்கள். பதிவுக்குக் காசு கேட்பார்கள், கொடுக்கலாம். அதே குழிக்குள் வேறு யார் யார் என்றும் காட்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அதில் வீட்டில் யாருமே பேசாத ஒரு முதல் மனைவி கிடைத்தாள்.

இன்னொன்று, வயதை நம்பாதீர்கள். 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் என்று 1908இல் சட்டம் வந்தது. 1901 கணக்கில் 56 வயதுக்காரர் 1911இல் 71 ஆகிவிடுவார். ஆனால் அந்த ஓய்வூதியத்தால் நமக்கு ஒரு லாபம் உண்டு. 70 வயதுக்காரர் யாரிடமும் பிறப்புச் சான்று கிடையாது, பதிவே 1864இல்தானே ஆரம்பம். அதனால் 1841, 1851 கணக்குகளில் குழந்தையாக இவர் பெயர் இருக்கிறதா என்று டப்ளினில் ஆள் வைத்துத் தேடிப் பார்த்தார்கள். அந்தக் கணக்குகள் எரிந்துவிட்டன, தேடிய படிவங்கள் தப்பிவிட்டன. அப்பா, அம்மா, டவுன்லாண்ட், சில சமயம் அண்ணன் தம்பிகள் வரைக்கும் அதில் வரும். தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இருக்கிறது.

பெரம்பூர்க்காரன்:

என் கதை தலைகீழ். அம்மாவழிக் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா அயர்லாந்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சிப்பாயாக மெட்ராஸ் வந்தவர். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படை பின்னால் 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. வீட்டில் அதை வைத்து "நாம டப்ளின் ஆளுங்க" என்று மார்தட்டுவார்கள். இவர் அதற்கு ரொம்ப முன்னாலேயே இங்கே வந்து, இங்கேயே மண்ணுக்குப் போனவர்.

மெட்ராஸ் கோயில்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். அது இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அடக்கப் பதிவில் படைப்பிரிவும் பதவியும் கிடைத்தன. அதை வைத்து ஆள்சேர்ப்புப் பதிவேட்டில் தேடினால்: வயது, தொழில் கூலி வேலை, மாவட்டம் டிப்பரரி. பங்குப் பெயர் இல்லை. குடும்பப்பெயரைச் சொன்னால் மருமகள் சிரிப்பார்கள், ரயன்தான். இதற்கு மேல் வழி உண்டா?

டிப்பரரி மருமகள்:

சிரிக்கவில்லை அண்ணா, பெருமூச்சுதான் விட்டேன். அந்த ஆள்சேர்ப்புப் பக்கத்தில் அவருக்கு மேலும் கீழும் இருக்கிற டிப்பரரிக்காரர்களைப் பாருங்கள். கூட்டமாகத்தான் போய்ச் சேருவார்கள். அவர்களில் அபூர்வமான குடும்பப்பெயர் ஒருவனுக்கு இருந்தால் கிரிஃபித்தில் அந்தப் பெயர் எந்தப் பங்கில் குவிகிறது என்று தேடலாம். சிப்பாய்களின் உயில்களும் அதே லண்டன் தொகுப்பில் உண்டு. சில பேர் அம்மாவுக்கோ தங்கைக்கோ எழுதிவைக்கும்போது ஊரையும் சொல்வார்கள். அப்புறம், பிள்ளைகளுக்கு அவர் வைத்த பெயர்களையும் அவர்களுடைய ஞானப்பெற்றோர் பெயர்களையும் வரிசை மாறாமல் இங்கே போடுங்கள். மூத்தவன் பெயரை வைத்து அவருடைய அப்பா பெயரை ஊகித்துவிட்டால், நான் இங்கே இருக்கிற ஏடுகளில் அந்த வருடங்களைப் புரட்டிப் பார்க்கிறேன்.